ஹோம்ப்ரூ மாநாடா, டென்வர் திருவிழாவா, உள்ளூர்ப் போட்டியா, பழைய ஃப்ரிட்ஜா? பணத்தை எதில் போடலாம்

"கையில் 1,500 டாலர் இருக்கிறது. ஹோம்ப்ரூ கானுக்கு (வீட்டில் பியர் காய்ச்சுபவர்களின் தேசிய மாநாடு) போய் வரலாமா, இல்லை அந்தக் காசில் உருப்படியாக ஒரு சாதனம் வாங்கலாமா?" அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சும் தமிழர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கூடவே இன்னும் இரண்டு யோசனைகளும் வரும்: டென்வரில் நடக்கும் பெரிய பியர் திருவிழா, பக்கத்து ஊர் கிளப் நடத்தும் போட்டி. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் சட்டம், சுருக்கமாக. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் அமலுக்கு வந்ததிலிருந்து, ஒரு பெரியவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் பியர் வரியில்லாமல் காய்ச்சலாம். விற்கக் கூடாது. இதைக் கடைசியாக அனுமதித்த மாநிலங்கள் அலபாமாவும் மிசிசிப்பியும், 2013-இல். சிங்கப்பூரில் 2004 முதல் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை அனுமதி உண்டு. தமிழ்நாட்டில் இது மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் குற்றம். ஊருக்குப் போகும்போது அப்பா வீட்டு மொட்டை மாடியில் முயன்று பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி: உங்கள் பியரில் என்ன குறை என்று உங்களுக்கே தெரியுமா? நண்பர்களிடம் கேட்டால் "சூப்பரா இருக்கு மச்சி" என்பார்கள். ஓசியில் கிடைக்கும் பியரைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? உங்கள் மூக்கையும் முழுதாக நம்ப முடியாது. ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்தில், ஒரே ஈஸ்டில் காய்ச்சிக் குடித்துக்கொண்டே இருந்தால் அதில் உள்ள வெண்ணெய் வாடையோ பச்சை ஆப்பிள் வாடையோ பழகிப்போய், அதுதான் பியரின் சுவை என்றே தோன்றிவிடும்.

இரண்டாவது: வீட்டில் உட்கார்ந்தபடியே கிடைக்காத எதை அந்த இடம் தருகிறது? பெரும்பாலானவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. கீழே வரும் என் தீர்ப்பு ஏறக்குறைய முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

மூன்றாவது முழுச் செலவு. டிக்கெட் விலையைச் சொல்லவில்லை. விமானம், விடுதி, சாப்பாடு, அப்புறம் அலுவலக லீவு. ஊருக்குப் போக லீவைச் சேர்த்து வைப்பவர்களுக்கு மூன்று நாள் லீவு என்பது சாதாரண விஷயமில்லை. நான்காவது, வீடும் உடம்பும். இதில் எதுவும் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கூட்டமில்லை. பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதற்குப் பதில் இல்லாமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

## தேசிய மாநாடு: ஹோம்ப்ரூ கான்

சார்லி பபாசியனும் சார்லி மாட்சனும் 1978-இல் கொலராடோவின் போல்டரில் தொடங்கிய அமெரிக்கன் ஹோம்ப்ரூவர்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக ஏஎச்ஏ, நடத்தும் மாநாடு இது. பெரும்பாலும் ஜூன் மாதத்தில், வியாழன் முதல் சனி வரை, ஆண்டுக்கு ஒரு நகரத்தில் நடந்துவந்தது: 2018-இல் போர்ட்லண்ட், 2019-இல் பிராவிடென்ஸ், 2022-இல் பிட்ஸ்பர்க், 2023-இல் சான் டியாகோ. 2020-லும் 2021-லும் இணையத்தில் மட்டும். 2024-இல் தனியாக நடக்காமல் டென்வர் திருவிழாவோடு சேர்ந்துகொண்டது. அதனால் "எப்படியும் ஜூனில் நடக்கும்" என்று நினைத்து லீவு போடாமல், அந்த ஆண்டு எங்கே, எப்போது என்று பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

மூன்று நாளும் என்ன நடக்கும்? பகலில் கருத்தரங்குகள்: தண்ணீரில் சல்பேட்டும் குளோரைடும் என்ன விகிதத்தில் இருக்க வேண்டும், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை எந்தக் கட்டத்தில் போடுவது, புளிப்பு பியருக்கு எந்த பாக்டீரியா, இப்படி. பக்கத்தில் ஒரு கண்காட்சிக் கூடம், அதில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), ஹாப்ஸ், ஈஸ்ட், பாத்திரம் விற்கும் நிறுவனங்கள். 1979 முதல் நடந்துவரும் தேசிய ஹோம்ப்ரூ போட்டியின் பரிசுகளை மாநாட்டு மேடையில் அறிவிப்பது நீண்ட நாள் வழக்கம். எல்லாவற்றுக்கும் மேல் கிளப் இரவு. நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த கிளப்புகள் ஆளுக்கொரு கடை விரித்து, வேஷம் கட்டி, தாங்கள் காய்ச்சியதை இலவசமாக ஊற்றிக் கொடுக்கும் இரவு.

இப்போது அந்த இரண்டாவது கேள்வியைப் போட்டுப் பாருங்கள். கருத்தரங்குகளுக்காகப் போகிறேன் என்றால் போக வேண்டாம். மாநாட்டு உரைகளில் பலவற்றின் பதிவுகளையும் ஸ்லைடுகளையும் ஏஎச்ஏ தன் உறுப்பினர்களுக்குத் தருகிறது. உறுப்பினர் கட்டணம் விடுதியில் ஓர் இரவுக்கு ஆகும் பணத்தில் சிறு பங்குதான். கண்காட்சியில் இருக்கும் பொருளும் ஆன்லைனில் கிடைக்கிறது. வீட்டில் கிடைக்காதது கிளப் இரவும், கூடத்துக்கு வெளியே நின்று பேசும் பேச்சும்தான். சைசான் என்ற பெல்ஜிய வகை பியர் ஒன்றைக் குடித்துவிட்டு "இந்த மிளகு வாசனை ஈஸ்டா, மிளகேதானா?" என்று, அதைக் காய்ச்சியவரிடமே கேட்கலாம். அவரும் எத்தனை டிகிரியில் புளிக்கவிட்டேன், எந்த நாளில் சூட்டை ஏற்றினேன் என்று நோட்டைத் திறந்து காட்டுவார். இந்தக் கூட்டத்தில் ரகசியம் காப்பவர்கள் குறைவு.

நம் கைச்சரக்கு செல்லுபடியாகும் இடமும் இதுதான். கருப்பட்டி போட்ட ஸ்டவுட், சிக்கரி கலந்த ஃபில்டர் காபி போர்ட்டர் (இரண்டும் கரிய நிற பியர் வகைகள்), ஏலக்காய் போட்ட கோதுமை பியர் எல்லாம் கிளப் இரவில் கூட்டம் சேர்க்கும். (கருப்பட்டியின் சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடும், இனிப்பு நிற்காது, வாசனை மட்டும் கொஞ்சம் தங்கும். இனிப்பாக வரும் என்று அள்ளிப் போட்டால் ஆல்கஹால்தான் ஏறும்.)

ஆனால் கிளப் இரவு கிளப் உள்ளவர்களுக்கானது. தனியாகப் போனாலும் குடிக்கலாம், சுற்றலாம். ஊற்றிக் கொடுக்க ஒரு மேசை இல்லாவிட்டால் பாதி உரையாடல் உங்களிடம் வராது. மேசைக்குப் பின்னால் நிற்பவரிடம்தான் எல்லோரும் வந்து பேசுகிறார்கள்.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம். விடுதி வரியோடு இரவுக்கு 200 டாலர் என்று வைத்தாலும் மூன்று இரவுக்கு 600. விமானம் 300, 400. நுழைவுக் கட்டணம், சாப்பாடு, ஊருக்குள் டாக்ஸி எல்லாம் சேர்த்தால் 1,500-க்குள் அடக்குவது கஷ்டம். ஜூன் மாநாடு என்றால் இன்னொரு சிக்கல்: ஜூலை 4 வார இறுதியையொட்டி வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் விழா வரும், பள்ளி விடுமுறையில் ஊர்ப் பயணமும் வரும். அடுத்தடுத்து இரண்டு விடுதி பில்லை வீட்டில் நியாயப்படுத்துவது உங்கள் பாடு.

உடம்புக் கணக்கும் பார்க்க வேண்டும். ஒரு ஊற்றல் 2 அவுன்ஸ், அதாவது 60 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது மேசையில் வாங்கினால் 1.2 லிட்டர். கிளப் இரவில் யாரும் 4% பியரைப் பெருமையாகக் கொண்டுவருவதில்லை. சராசரி 7% என்றால் சுமார் 66 கிராம் ஆல்கஹால், அமெரிக்கக் கணக்கில் நான்கரைக்கு மேல் 'டிரிங்க்'. "சும்மா சுவைதானே பார்த்தேன்" என்ற சமாதானம் இந்தக் கணக்கின் முன் நிற்காது. விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்: குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடிவதற்கு முன்பே, தண்டனை இல்லாமலே விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறையால் முடியும். அடுத்த முறை ஊருக்குப் போனால் திரும்ப வர மறுபடி தூதரகத்தில் நிற்க வேண்டும். நடந்து போகும் தூரத்தில் விடுதி எடுப்பதற்கு ஆகும் கூடுதல் பணத்தை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள்.

## டென்வர் திருவிழா: கிரேட் அமெரிக்கன் பியர் ஃபெஸ்டிவல்

1982-இல் போல்டரில் தொடங்கி, பிறகு டென்வருக்கு இடம்பெயர்ந்த விழா. நாடு முழுவதிலும் இருந்து வணிக மதுவாலைகள் தங்கள் பியர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருகின்றன. ஒரு முறைக்கு 1 அவுன்ஸ், ஏறக்குறைய 30 மில்லி. டிக்கெட் ஒரு நாளுக்கு அல்ல, சில மணி நேர அமர்வு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி.

காய்ச்சுபவருக்கு இதில் என்ன லாபம்? முறைப்படி செய்த பியர் எப்படி இருக்கும் என்று நாக்குக்குக் காட்டலாம். ஜெர்மன் பில்ஸ்னர் என்ற வெளிர் நிற பியர் வகைக்குப் பதக்கம் வாங்கியதை நேரில் குடித்துப் பார்த்தால், உங்கள் பில்ஸ்னர் எங்கே தடுமாறுகிறது என்று புரியும். ஆனால் ஊற்றுபவர் பல நேரங்களில் தன்னார்வலர். ஈஸ்ட் பற்றிக் கேட்டால் சிரிப்பார். சத்தம் அதிகம், குறிப்பெடுக்க இடமில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு: ஹோம்ப்ரூ செய்முறையை ஒரு வணிக மதுவாலை பெரிய அளவில் காய்ச்சிப் போட்டிக்கு அனுப்பும் ப்ரோ-ஆம் பிரிவு. அதில் உங்கள் பியர் இருந்தால் போகாமல் இருக்க முடியாது, சரி.

மற்றபடி இது வேடிக்கை பார்க்கும் விழா. பலர் பிரெட்சலை நூலில் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டு வருவார்கள், இடையிடையே கடித்துக்கொள்ள. கேலியாகத் தெரிந்தாலும் நல்ல யோசனைதான். டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மறுநாள் காலை தலைவலி நிச்சயம்.

## உள்ளூர்ப் போட்டி: ஸ்டூவர்டாகப் போவது

என்னைக் கேட்டால், பணத்துக்குப் பலன் என்று பார்த்தால் இதற்கு நிகர் எதுவுமில்லை. இருந்தும் அதிகம் பேர் யோசிக்காத வழி இதுதான்.

பெரிய நகரங்களில் இருக்கும் ஹோம்ப்ரூ கிளப்புகள் பலவும் ஆண்டுக்கு ஒரு போட்டி நடத்துகின்றன. 1985-இல் தொடங்கிய பியர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராம், அதாவது பிஜேசிபி, வகுத்த முறைப்படி மதிப்பெண் போடுவார்கள். அந்த நாளில் நடுவர்களுக்கு உதவ ஸ்டூவர்டுகள் தேவை: பாட்டில் எடுத்து வருவது, மதிப்பெண்ணைக் கூட்டிச் சரிபார்ப்பது, கோப்பைகளை எடுத்து அகற்றுவது. சான்றிதழ் எதுவும் வேண்டாம். பெரும்பாலும் மதியச் சாப்பாடும் போடுவார்கள்.

நடுவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாள் நின்றால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். மொத்தம் 50 மதிப்பெண்: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் அமரும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். பியர் கலங்கலாக இருக்கிறதே என்று தூக்கம் தொலைப்பவர்கள் கவலையை வேறு பக்கம் திருப்பலாம். நடுவர் ஒரு கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் "வேகவைத்த மக்காச்சோளம்" என்பார். உங்களுக்கும் ஒரு மடக்கு தருவார். அந்த வாடைக்குக் காரணமான டைமெத்தில் சல்பைடு பற்றி எத்தனை கட்டுரை படித்தாலும் வராத தெளிவு அந்த ஒரு மடக்கில் வந்துவிடும். ஈரமான அட்டைப்பெட்டி வாடை என்றால் ஆக்சிஜன் பட்டது, பேண்ட்-எய்டு வாடை என்றால் தண்ணீரில் குளோரின், இப்படி ஒவ்வொன்றாக மூக்கில் பதியும். ஆர்வம் வந்தால் பிஜேசிபி தேர்வே எழுதலாம்: முதலில் ஆன்லைன் தேர்வு, பிறகு 90 நிமிடத்தில் ஆறு பியர்களை மதிப்பிடும் சுவைத் தேர்வு.

அதே போட்டிக்கு உங்கள் பியரையும் அனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய பிரிவில் நீங்கள் நடுவராக உட்கார முடியாது என்பதைத் தவிர வேறு தடையில்லை. யார் காய்ச்சியது என்றே தெரியாத ஆட்கள் எழுதிய மதிப்பெண் தாள் கைக்கு வரும். 50-க்கு 24 வாங்கினால் வலிக்கும். அந்த வலி மச்சியின் "சூப்பர்" தராதது.

நம் கருப்பட்டி ஸ்டவுட்டை இங்கே அனுப்புவதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. அதை ஸ்டவுட் பிரிவில் போட்டால் அடி வாங்கும். 2021 பிஜேசிபி வழிகாட்டியில் மாற்றுச் சர்க்கரை பியர்களுக்கு 31பி என்ற பிரிவும், மசாலா, மூலிகை, காபி வகைக்கு 30ஏ என்ற பிரிவும் இருக்கின்றன. பதிவு செய்யும்போது கருப்பட்டி என்றால் என்ன என்று ஒரு வரி விளக்கமும் எழுதுங்கள். நடுவருக்குத் தெரியாத வாசனை அவருக்குக் குறையாகத்தான் படும்.

மறைமுகச் செலவு: ஒரு முழுச் சனிக்கிழமை, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ வண்டிப் பயணம், ஒரு பதிவுக்கு இரண்டு மூன்று பாட்டில். பாட்டிலைத் தபாலில் அனுப்ப முடியாது. அமெரிக்கத் தபால் துறை மதுவை ஏற்பதில்லை, தனியார் கூரியர்களும் உரிமம் உள்ள நிறுவனங்களிடம் மட்டும்தான் வாங்குகின்றன. போட்டி நடத்துபவர்கள் குறிப்பிடும் கடையில் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதே வழி. கிளப் எதுவும் இல்லாத சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதை உண்மையிலேயே கஷ்டம்.

## அதே பணத்தில் சாதனம்

புளிக்கும் சூட்டைக் கட்டுப்படுத்த உங்களிடம் ஏதும் இல்லை என்றால், மற்ற மூன்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். ஏல் வகை பியருக்கான சாதாரண ஈஸ்ட் 18, 20 டிகிரி செல்சியஸில் நன்றாக வேலை செய்யும். டெக்சஸ் கோடையில் மூடிய அலமாரிக்குள் வைத்த ஃபெர்மென்டர் (பியர் புளிக்கும் பாத்திரம்) அதைத் தாண்டிப் போய், நெயில் பாலிஷ் மாதிரி வாடையும் நெஞ்சைச் சுடும் ஆல்கஹாலும் தரும். எந்தக் கருத்தரங்கும் அதைத் திருத்தாது. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும், 40 டாலரை ஒட்டிய விலையில் ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியும் திருத்தும்.

அவ்வளவுகூடச் செலவழிக்க மனமில்லையா? நார்வேயின் குவைக் ஈஸ்ட் 30 டிகிரிக்கு மேலும் சுத்தமாகப் புளிக்கும். ஒரு பாக்கெட் வாங்கிப் பாருங்கள். பேண்ட்-எய்டு வாடைக்கு, குளோரினை நீக்கும் கேம்ப்டன் மாத்திரை: 20 கேலன் குழாய்த் தண்ணீருக்கு ஒன்று போதும். சில காசு விஷயம்.

இதில் உள்ள ஆபத்து வேறு. சாதனம் வாங்குவது ஒரு வியாதியாகிவிடும். கெக் (பியரை நிரப்பி வைக்கும் உலோகப் பீப்பாய்) வாங்கினால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அதை நிரப்பும் செலவு, அதற்கு இன்னொரு ஃப்ரிட்ஜ், அப்புறம் அபார்ட்மெண்டில் இடமில்லை என்று வீட்டில் சண்டை. என்ன குறை என்று தெரியாமல் வாங்கினால் பளபளப்பான பாத்திரத்தில் அதே வெண்ணெய் வாடை பியர்தான் வரும்.

## ஒரே பார்வையில்

| | தேசிய மாநாடு | டென்வர் திருவிழா | உள்ளூர்ப் போட்டி | சாதனம் |
|---|---|---|---|---|
| செலவு | மிக அதிகம் | அதிகம் | பெட்ரோலும் பதிவுக் கட்டணமும் | 40 டாலரிலிருந்து, கட்டுப்பாடு இருந்தால் |
| போகும் நாட்கள் | மூன்று, நான்கு | இரண்டு, மூன்று | ஒன்று | இல்லை |
| உங்கள் பியரின் குறை தெரியுமா | ஓரளவு, கேட்டால் | தெரியாது | தெளிவாக, எழுத்தில் | தெரியாது |
| தனியாகப் போனால் | பாதிப் பலன் | நண்பர்களோடு போனால் நல்லது | தனியாகவே போகலாம் | – |
| பிறகும் தொடரும் உறவு | கிளப்போடு போனால் | அரிது | அடுத்த மாதமே அதே ஆட்கள் | – |

## யாருக்கு எது

காய்ச்சத் தொடங்கி ஓர் ஆண்டுகூட ஆகாதவர்: ஃப்ரிட்ஜும் கட்டுப்பாட்டுக் கருவியும், மீதியை வங்கியில் போடுங்கள். பியர் ஓரளவு நன்றாக வருகிறது, ஆனால் ஏதோ ஒன்று இடிக்கிறது என்பவர்: போட்டி. தயக்கமே வேண்டாம். காய்ச்சுவதைவிடக் குடிப்பதில் ஆர்வம் கூடிய நண்பர் கூட்டம்: டென்வர், ஒரே ஓர் அமர்வு போதும்.

தேசிய மாநாடு, ஒரு கிளப்பில் சேர்ந்து அதன் மேசையில் தன் பியரை ஊற்றும் இடத்துக்கு வந்தவருக்கு. அந்த நிலையில் 1,500 டாலர் வீண் இல்லை. பிஜேசிபி தலைவராக நீண்ட காலம் இருந்த, தேசிய ஹோம்ப்ரூ போட்டியில் அதிகப் புள்ளி பெறுபவருக்கான நின்காசி விருதை 2008 முதல் 2010 வரை தொடர்ந்து மூன்று முறை வாங்கிய கார்டன் ஸ்ட்ராங் போன்றவர்கள் பேசிவிட்டு இறங்கி வந்து எல்லோரையும்போல வரிசையில் நிற்கும் கூட்டம் அது. மாநாடு உங்கள் நகரத்துக்கே வந்தால் மட்டும் கிளப் இல்லாவிட்டாலும் போங்கள். விடுதியும் விமானமும் இல்லை என்றால் கணக்கே மாறிவிடுகிறது.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு. பியரைத் தெளிய வைக்கச் சிலர் ஜெலட்டினும், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸும் போடுவார்கள். ஐரிஷ் மாஸ் கடற்பாசிதான், கவலையில்லை. கிளப் இரவில் காய்ச்சியவரிடமே கேட்டுவிடலாம். டென்வரில் பதில் கிடைப்பது சந்தேகம்.

## போவது என்று முடிவானால்

பியரை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. செக்-இன் பெட்டியில் வைக்கலாம். 24 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ ஆல்கஹால் உள்ள பானங்களுக்கு அங்கே அளவு வரம்பு இல்லை. பெட்டியின் எடைதான் வரம்பு. நிரம்பிய 12 அவுன்ஸ் கண்ணாடிப் பாட்டில் ஒன்று 600 கிராமை ஒட்டி இருக்கும். 24 பாட்டில் என்றால் 14 கிலோவைத் தாண்டும், சுற்றும் துணியோடு 23 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றையும் ஜிப் பையில் போட்டு, பிறகு துணியில் சுற்றுங்கள். நிரம்பிய கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். 19 லிட்டர் கார்னி கெக்கும் சிலிண்டரும் கிளப்பில் யாராவது வண்டியில் எடுத்துப் போனால்தான் உண்டு, அந்த ஆளுக்கு பெட்ரோல் காசு கொடுத்துவிடுங்கள்.

திரும்பும்போது கண்காட்சியில் கொடுத்த ஹாப்ஸ் மாதிரிகள் பையில் இருக்கும். ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பம், வாசனையும் கிட்டத்தட்ட அப்படித்தான். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். பச்சை உருண்டைகளை வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துவந்தால் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லியே நேரம் போய்விடும்.